எறும்பின் மேல் ஏற்றிய பாரம்

அக்டோபர் 30 உலகச் சிக்கன நாள். 1924-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாடு தொடங்கி வைத்த வழக்கம். மற்ற நாடுகளில் 31-ந்தேதி, நமக்கு ஒரு நாள் முந்தி. அன்றைக்குப் புதுச்சேரியில் வானம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் பிடித்திருக்கும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை நின்றிருக்கும். ஃபைபர் படகுகள் கரையேறிக் கிடக்கும். தீபாவளிக்கு வாங்கிய கடனோ வாங்கப்போகிற கடனோ வீட்டு வாசலில் வந்து நிற்கும். அந்த நாளாகப் பார்த்துத்தான் எறும்பைக் கூட்டிவந்து நமக்குச் சிக்கனம் சொல்லித் தருகிறார்கள்.

பள்ளிப் பேச்சுப் போட்டி, வங்கிச் சுவரொட்டி, மகளிர் குழுக் கூட்டம், விடிந்ததும் கைப்பேசியில் வந்து விழும் பொன்மொழிப் படம் என்று எங்கே போனாலும் அதே எறும்பு, அதே அரிசிமணி. உபதேசத்தின் சாரம் இதுதான்: இயற்கையில் எல்லா உயிரும் சேர்த்து வைக்கிறது, மனிதன் மட்டும் வாரி இறைக்கிறான், கையை இறுக்கினால் பணத்தில் சமநிலை வந்துவிடும், கடனில் விழுந்தவன் ஒழுங்காக வாழத் தெரியாதவன். கடைசி வரியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிற மீன்காரம்மாவுக்கு அது மட்டும் தெளிவாகப் புரிந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான உபதேசமும் சந்தையில் உண்டு. பணம் தண்ணீர் மாதிரி, தேக்கினால் நாறும், ஓடவிடு, பத்து மடங்காகத் திரும்பி வரும் என்பார்கள். ஹோட்டல் அரங்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லப்படுவது அது. கட்டணம் மட்டும் ஒரே திசையில்தான் ஓடும். இந்த ஊரிலிருந்தே எழுதிய அரவிந்தர், 1928-ல் வெளிவந்த 'அன்னை' நூலில், பணத்தைக் கண்டு ஒதுங்குவதும் பிழை, அதை ஒட்டிக்கொண்டு கிடப்பதும் பிழை என்று நிதானமாகச் சொன்னதைக்கூட இந்தக் கூட்டம் துண்டு போட்டு விற்கிறது. சேர்க்கச் சொல்பவரும் செலவழிக்கச் சொல்பவரும் பகையாளிகள் மாதிரித் தெரிந்தாலும் பங்காளிகள்தாம். பணத்தின் சமநிலை தனி மனிதனின் மனசில் இருக்கிறது, மனசைத் திருத்தினால் கணக்கும் திருந்தும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. நான் மறுப்பது அதைத்தான். இயற்கையைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அவர்கள். குறுக்கு விசாரணை செய்யும் உரிமை நமக்கும் உண்டு.

எறும்பையே முதலில் கேட்போம். தானியம் சேர்க்கும் எறும்பினங்கள் இல்லாமல் இல்லை. வறண்ட நிலங்களில் விதை பொறுக்கிப் புற்றறையில் அடுக்குபவை அவை. ஆனால் உலகத்தில் எறும்பினங்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். அவற்றில் தானியக் களஞ்சியம் வைத்திருப்பவை சிறுபான்மை. இன்னொரு சங்கதியும் இருக்கிறது. எறும்புக்குத் தன் உணவைச் செரிக்கும் வயிற்றுக்கு முன்னால் ஒரு பை உண்டு. வெளியே போய் உறிஞ்சி வந்த எறும்பு, பசியோடு எதிர்ப்படும் இன்னோர் எறும்பின் வாயோடு வாய் வைத்து அந்தப் பையில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிறது. உயிரியல்காரர்கள் அந்தப் பைக்குச் சமூக வயிறு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். "உன் பணத்தை நீ பத்திரமாக வைத்துக்கொள்" என்பதற்கு எறும்பை உதாரணம் காட்டுகிறவர் அதன் பாதி உடம்பைத்தான் பார்த்திருக்கிறார்.

அணில் இரவல் சாட்சி. கொட்டையைப் புதைத்து வைத்துக் குளிர்காலத்தைத் தாண்டும் அணில் பனி பெய்யும் நாடுகளின் அணில். பாடப்புத்தகப் படத்தோடு கப்பலேறி வந்தது. நம் வேப்பமரத்து அணிலுக்கு அப்படியொரு குளிர்காலமே கிடையாது. தேனீக்களில் மலைத்தேனீ, பூ ஓய்ந்தால் அடையை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டத்தோடு இடம்பெயர்ந்துவிடும். பெட்டியில் வளர்க்கும் தேனீ சேர்க்கிறதுதான், ஆனால் அங்கே எந்தத் தேனீக்கும் தனிக் கணக்கு இல்லை.

இயற்கையிடம் பணத்துக்குப் பாடமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது. அதைப் பூச்சிகளிடம் தேட வேண்டியதில்லை. நம் ஊர்க் கடற்கரையிலேயே கருங்கல்லாகக் குவிந்து கிடக்கிறது.

காந்தி சிலைக்கு முன்னால் நடை போகிற எல்லாருக்கும் அந்தக் கற்கள் தெரியும். அங்கே மணல் இருந்த காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். இந்தக் கரையோரத்தில் மணல் ஒரு நாளும் சும்மா கிடப்பதில்லை. மார்ச் வாக்கில் தொடங்கி அக்டோபர் வரை தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலை அதை வடக்கே தள்ளும். மழைக்காலத்தில் சில மாதம் திசை மாறித் தெற்கே தள்ளும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே நடந்து போகிறது. ஆயிரக்கணக்கான லாரி லோடு. நாம் பார்க்கிற கரை நேற்றைய கரை மாதிரியே இருக்கும், ஆனால் மணல் நேற்றைய மணல் அல்ல. வந்த அளவுக்குப் போனது, போன அளவுக்கு வந்தது. அதனால் கரை நின்றது. இதைப் படிக்கும் பொறியாளர்களும் வரவு, செலவு என்றுதான் கணக்கு எழுதுகிறார்கள்.

1986 முதல் 1989 வரை அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கிலிருந்து நடந்து வந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றது. வீராம்பட்டினம் பக்கம் கரை வீங்கியது. வடக்கே நகரத்துக் கரைக்கு வரவு நின்றுபோனது. செலவு மட்டும் நிற்கவில்லை, அலை வழக்கம்போல அள்ளிக்கொண்டு போனது. மணல் தீர்ந்ததும் சாலையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அடுத்த ஊர் கரைந்தது. அங்கேயும் கல். இப்படியே வைத்திக்குப்பம் தாண்டி, மாநில எல்லையும் தாண்டி, தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று அரிப்பு நடந்து போயிற்று. வலை உலர்த்த இடமில்லை, படகை ஏற்ற இடமில்லை, சில இடங்களில் வீடே இல்லை.

இப்போது நம் சிக்கன உபதேசியாரை அந்தச் சுவர் மேல் நிறுத்துவோம். தெற்கே திரும்பிப் பார்த்தால் மலையாகக் குவிந்த மணல். "ஆகா, என்ன கட்டுப்பாடான கரை, எப்படிச் சேர்த்திருக்கிறது!" என்பார். வடக்கே திரும்பினால் பாறை. "நீயும் அப்போதே கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கலாமே" என்பார். கரை விஷயத்தில் இது எத்தனை பெரிய அபத்தம் என்று எல்லாருக்கும் உடனே தெரிகிறது. குடும்பங்களைப் பார்த்து இதையே சொன்னால் கைதட்டுகிறோம்.

சுவர் கட்டினால் மணல் நிற்கும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியாக வடக்கே தள்ளிவிடும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக ஓடவில்லை, அவ்வளவுதான். பிறகு 2018 வாக்கில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்பாலான ஒரு செயற்கைத் திட்டை இறக்கியது. அலையின் வேகம் தணிந்தது, கொண்டுவந்து போட்ட மணல் தங்கியது, கல் கிடந்த இடத்தில் குழந்தைகள் விளையாட ஒரு துண்டுக் கரை திரும்பி வந்தது. கரை மனம் திருந்தி வரவில்லை. வரத்தையும் போக்கையும் கைவைத்துத் திருத்தினார்கள், வந்தது.

மணலுக்கு நடந்தது இந்த ஊரில் கூலிக்கும் நடந்தது. 1898-ல் தொடங்கிய ரோடியர் மில், பின்னாளில் ஏ.எஃப்.டி.; அதோடு சுதேசி, பாரதி. மூன்று பஞ்சாலைகளும் ஓடிய காலத்தில் சம்பள நாளன்று கடலூர் சாலையில் மளிகைக் கடைக்கும் தையல்காரருக்கும் டீக்கடைக்கும் சேர்த்துத்தான் சம்பளம். 2011 டிசம்பர் 30-ந்தேதி தானே புயல் ஏ.எஃப்.டி.யை அடித்துப் போட்டது. அதற்கு முன்பே நோயாளிதான். பிறகு லே-ஆஃப், பாதிச் சம்பளம், 2020-ல் ஒரேயடியாக மூடல். மில் நின்ற பிறகு முதலியார்பேட்டையில் நகை அடகுக்குப் போயிருந்தால், பிள்ளை படிப்பைப் பாதியில் விட்டிருந்தால், அந்த வீட்டுக்காரர் எறும்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாததா காரணம்? தெற்கே எங்கேயோ ஒரு சுவர் எழும்பியிருக்கிறது. கரைகிறவனிடம் போய் உண்டியல் வாங்கச் சொல்கிறோம்.

அதே கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் துய்ப்ளே நிற்கிறார். 1742-ல் இங்கே கவர்னராக வந்தவர். அதற்கு முன் சந்திரநாகூரில் வணிகம் செய்து பெரிய செல்வம் சேர்த்தவர். சேர்க்கத் தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சண்டைகளுக்குத் தன் கைப்பணத்தைப் போட்டார். 1754-ல் திருப்பி அழைத்துக்கொண்டார்கள், போட்ட பணத்தைக் கம்பெனி தரவில்லை, வழக்காடிக்கொண்டே 1763-ல் பாரிசில் வறுமையில் செத்தார். ஒரு பக்கம் போக்கு திறந்தே இருந்து மறுபக்கம் வரத்து அடைபட்டால் கவர்னர் துரைக்கும் அதே கதிதான். அவருக்குச் சிலை வைத்தார்கள் என்பது மட்டும் வித்தியாசம்.

கடலைவிட ஏரி இன்னும் நல்ல வாத்தியார். புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்று கணக்கு. பெரியது ஊசுட்டேரி, அடுத்தது பாகூர் ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஏரியைப் பார்க்கிறவர்கள் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். ஏரியைக் கட்டியவர்கள் மூன்று வழிகளைப் பார்த்தார்கள். தண்ணீர் உள்ளே வர வரத்து வாய்க்கால். வயலுக்கு அளந்து விட மதகு. நிறைந்ததற்கு மேல் வருவது கரையை உடைக்காமல் தானே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகக் கலிங்கு; கலங்கல் என்றும் சொல்வார்கள். வரத்து தூர்ந்த ஏரி மாட்டுக்கு மேய்ச்சல் நிலம். மதகு இல்லாத ஏரி நிறைந்தென்ன, குறைந்தென்ன? கலிங்கு இல்லாத ஏரியோ முதல் பெருமழையில் கரை உடைந்து, சேர்த்த தண்ணீரையே ஊர் மேல் ஏவிவிடும். சேமிப்பு உபதேசம் இந்த மூன்றில் ஒன்றையும் பேசுவதில்லை. கரையை உயர்த்து, கரையை உயர்த்து என்பது மட்டும்தான் அதன் மந்திரம்.

நிறைத்து வைப்பதே பத்திரம் என்ற நம்பிக்கைக்கு அண்மையில் கிடைத்த பதிலை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. 2024 நவம்பர் 30-ந்தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நகரம் வடியும் முன்பே மேற்கே மலைப்பகுதியில் பெய்த மழை சாத்தனூர் அணைக்கு வந்தது. ஏற்கெனவே நிறைந்திருந்த அணையில் இடம் ஏது? விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் ஆறு புகுந்தது. அணையில் எவ்வளவு காலி இடம் விட்டிருக்க வேண்டும் என்று அரசியல்வாதிகள் பிறகு அடித்துக்கொண்டார்கள். காலி இடமும் அணையின் சொத்துதான் என்பதை அந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று. சேமித்ததையெல்லாம் மனையிலும் நகையிலும் நீண்டகால வைப்பிலும் அடைத்துவிட்டு, திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்ததும் மனையை வந்த விலைக்குத் தள்ளிவிடும் குடும்பங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் ஊதாரிகள் இல்லை. உபதேசத்தை அப்படியே கேட்டவர்கள்.

தண்ணீரையும் பொன்னையும் ஒரே கண்ணால் பார்த்த ஊர் ஒன்று நம் பக்கத்திலேயே இருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை, ஊரை நடத்தும் வாரியங்களைச் சொல்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்த ஆட்கள், பதவி ஓராண்டு. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஏரிக்கு இருந்த விதியே பொன்னுக்கும். இரண்டும் ஓரிடத்தில் தேங்கினால் ஊர் கெடும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி அது. அந்த ஊரில் எல்லாரும் சமமாக இருந்தார்கள் என்று புளுக மாட்டேன். நிலமும் வேதப்படிப்பும் உள்ளவர்களுக்குத்தான் ஓலை. ஆனால் தனி மனிதனின் சிக்கனத்தை நம்பி அவர்கள் ஏரியை விட்டுவைக்கவில்லை.

வருவாயை ஓரிடத்தில் தேங்கவிடாமல் பொதுக் காரியத்துக்குத் திருப்பிவிட்ட செப்பேடு நம் பாகூருக்கும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று கிராமங்களின் வருவாயைப் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அங்கே இருந்த கல்லூரிக்கு, எழுதிவைத்த சாசனம். பிரெஞ்சுக்காரர் காலத்திலும் ஏரிக்கு ஏரி பாசனச் சங்கம் இருந்தது; உழவர்களே பணம் போட்டு வாய்க்காலைத் தூர் வாரினார்கள். விடுதலைக்குப் பின் அது தேய்ந்துபோய், 1990-களின் கடைசியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஏரிச் சீரமைப்பு என்று மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

அரசு இலச்சினையில் இருக்கும் ஆயி மண்டபத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. கிருஷ்ணதேவராயர் அந்த மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம், தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். வரலாறா என்று கேட்டால் சொல்வதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் மண்டபம் எழும்பியது மட்டும் வரலாறு. ஊரின் அடையாளமாக ஒரு கஜானாவை வைக்காமல் தண்ணீர் வந்த வழியை வைத்த புத்தியை நான் மெச்சுகிறேன்.

இனி இன்றைய உபதேசத்தின் கணக்குக்கு வருவோம். 50-30-20 என்கிறார்கள்: வருமானத்தில் பாதி தேவைக்கு, முப்பது விருப்பத்துக்கு, இருபது சேமிப்புக்கு. 2005-ல் எலிசபெத் வாரனும் அவர் மகளும் அமெரிக்கக் குடும்பங்களுக்காக எழுதிய புத்தகத்தால் பரவிய சூத்திரம் இது. மாதாமாதம் ஒரே தொகை வங்கியில் விழுகிற வீட்டுக்கு எழுதியது. இந்த ஊரில் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின், குடும்பங்களுக்குப் பிரெஞ்சு ஓய்வூதியம் விழுகிறதே, அவர்களுக்குப் பொருந்தும். அரசு ஊழியருக்குப் பொருந்தும். வைத்திக்குப்பத்துக்கு? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று கடலுக்கு விடுகிற ஓய்வு அது, நியாயமானது. மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் இன்னும் பல நாள் வருமானம் இல்லை. மற்ற நாள்களில் ஒரு நாள் வலை நிறைய, ஒரு நாள் டீசல் காசுகூட இல்லை. எதில் பாதி, எதில் இருபது சதவீதம்? பருவத்தைப் படைத்த இயற்கையின் பெயரைச் சொல்லிக்கொண்டு, பருவமே தெரியாத சூத்திரத்தை விற்கிறார்கள்.

அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று பெரிய மார்க்கெட்டில் போய்ப் பார்க்கலாம். மீன் கூடைகளுக்கு நடுவே தண்டல்காரர் வருவார். கையில் சின்ன அட்டை. கட்டம் கட்டமாக நூறு கட்டம். பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்று பேர். கொடுக்கும்போதே ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார். தினம் நூறு ரூபாய், நூறு நாள். கட்டியதும் ஒரு கட்டத்தில் கையெழுத்து. "பாக்கி எத்தினி கட்டம்கா?" என்பதுதான் விசாரிப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் பதினைந்து சதவீதம். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தை ஒட்டி வரும். இந்த அட்டையில் இருக்கிற ஒழுங்கைப் பாருங்கள். நூறு நாளும் தவறாமல் நூறு ரூபாய் கட்டுகிற அம்மாவைவிடக் கட்டுப்பாடானவர் எந்த வங்கியின் சேமிப்பாளர் பட்டியலிலும் இருக்க மாட்டார். அவரிடம் போய் ஒழுக்கம் போதவில்லை என்கிறோம். ஒழுக்கம் அவரிடம் இருக்கிறது; அதன் பலன் தண்டல்காரரிடம் போய்ச் சேருகிறது.

அதே பெண்கள் சீட்டும் கட்டுகிறார்கள். இருபது பேர், ஆளுக்கு மாதம் ஆயிரம். அவசரம் உள்ளவர் மூவாயிரம் தள்ளி ஏலத்தில் எடுத்தால் பதினேழாயிரம் அவருக்கு; தள்ளிய தொகை, சீட்டுப் பிடிக்கிறவரின் கமிஷன் போக, எல்லாருக்கும் கழிவாகத் திரும்பும். யாரிடம் மிச்சமோ அவரிடமிருந்து, யாருக்கு இன்றைக்குத் தேவையோ அவருக்கு. வரத்து, மதகு, கலிங்கு மூன்றும் இதில் இருக்கின்றன. சீட்டுக்காரர் ஓடிப்போவதும் நடக்கிறது. 1982-ல் சட்டமே போட வேண்டி வந்ததும் அதனால்தான். பதிவு செய்யாத சீட்டில் பணம் போடாதீர்கள் என்று நானும் சொல்வேன். கரை உடைந்த ஏரிகள் உண்டு என்பதற்காக ஏரியே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே.

எதிர்த் தரப்பின் வலுவான கேள்வி ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. "குடித்து அழிக்கிறவனுக்கு என்ன சொல்கிறீர்கள்? கிடைத்ததையெல்லாம் அன்றைக்கே கரைக்கிறவன் இல்லையா?" இருக்கிறான். அவன் வீட்டு மனைவியும் பிள்ளைகளும் படும் பாட்டுக்கு எந்த வாதமும் சமாதானம் ஆகாது. ஆனால் இந்தக் கேள்வியைப் புதுச்சேரியில் நின்று கேட்கும்போது கொஞ்சம் கூச்சம் வேண்டும். இந்த யூனியன் பிரதேசத்தின் சொந்த வருவாயில் கலால் முக்கியமான தூண். தெருவுக்குத் தெரு கடை திறக்க உரிமம் கொடுத்துவிட்டு, பக்கத்துச் சுவரில் எறும்புப் படம் ஒட்டுவது எந்த இயற்கையின் பாடம்? அந்த வீட்டில் போக்கு பெரிதாகியிருப்பது உண்மை. அதைத் தோண்டியவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை.

சேமிப்பே வேண்டாம் என்பது என் கட்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலோரக் கிணறுகள் இதில் என்னைவிடத் தெளிவாகப் பேசுகின்றன. நிலத்தடியில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் நூறாண்டுக்கு முன்பே போட்ட கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழத்துக்கு உப்பு ஏறாமல் நிற்கும். மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே நாற்பது மீட்டர் உப்பு உயரும். ஏழை வீட்டின் சின்ன இருப்பும் இப்படித்தான். பானைக்குள் இருக்கிற இரண்டாயிரம் ரூபாய், மருந்துக்கும் ஃபீசுக்கும் தண்டல் வாசலில் நிற்காமல் தடுக்கிறது. அதன் மதிப்பு இரண்டாயிரம் மட்டும் இல்லை. அது போனால் ஏறுகிற உப்பு ஒரு நல்ல மழையில் வடிவதும் இல்லை. ஆகவே சின்ன இருப்பு வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த நன்னீர் மட்டம் யார் இறைத்ததால் இறங்கியது என்றும் பார்க்க வேண்டும். இரண்டு குடம் எடுத்த வீட்டுக் கிணறும் நாளெல்லாம் ஓடிய ஆழ்துளை மோட்டாரும் ஒரே நீரைத்தான் உறிஞ்சின. கிணறு உப்பானதும் குடத்தைப் பார்த்து மட்டும் சிக்கனம் பேசுவது யோக்கியமான பேச்சு இல்லை.

ஆகையால் வங்கிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அரசுக்கும் ஒரு வேண்டுகோள். சுவரொட்டி அச்சடிக்கும் பணத்தை மிச்சப்படுத்துங்கள். மீன்கார அம்மாவுக்குத் தினத் தவணையில் கடன் கொடுங்கள். தண்டல்காரருக்கு முடிகிற வேலைதான் இது. தவணையைப் பருவம் பார்த்து வையுங்கள், கடல் மூடிய 61 நாளும் தவணை கேட்காதீர்கள். மீன்பிடித் தடைக்கால நிவாரணம், தடை முடிந்த பின் வந்தால் அதற்குள் அட்டையில் பாதிக் கட்டம் நிறைந்திருக்கும். அது ஏப்ரல் 15-ந்தேதிக்கு முன்பே கணக்கில் விழ வேண்டும்.